மலகண்டுக்குப் போன பெங்களூர்

கண்டோன்மென்ட் கதைகள் – 17

சென்ற வாரம் 1881-ல் நிறுத்தியிருந்தோம். ஐம்பது வருஷம் வெள்ளைக்கார கமிஷனர்கள் ஆண்ட மைசூர் ராஜ்யம் மறுபடி உடையார் கைக்கு வந்தது. பெங்களூர் கண்டோன்மென்ட் மட்டும் வரவில்லை. 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் அது 1947 வரை பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆளுகையிலேயே இருந்தது. ஆக, ஒரே ஊருக்குள் இரண்டு ராஜாங்கம். கோட்டையும் பேட்டையும் மகாராஜாவுடையவை. அல்சூர், சூளை, பிளாக்பள்ளி, சவுத் பரேடு எல்லாம் ராணியுடையவை. பேட்டையில் கன்னடம் என்றால் கண்டோன்மென்ட் கடைத்தெருவில் தமிழ். 1809-ல் பட்டாளம் இங்கே குடியேறியதிலிருந்து அதன் பின்னாலேயே ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்த சிப்பாய்களும், காய்கறி வியாபாரிகளும், கொத்தனார்களும், பட்லர்களும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் அது.

இந்த வாரம் பதினாறு வருஷம் தாண்டி 1897-க்குப் போகிறோம். அந்த வருஷம் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில், மலகண்ட் என்ற கணவாயில் மூண்ட போரில் பெங்களூருக்கு இரண்டு வகையில் பங்கு உண்டு. முதலாவது, கண்டோன்மென்ட் பங்களா ஒன்றில் குடியிருந்த 22 வயது குதிரைப்படை லெப்டினன்ட். இரண்டாவது, அல்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் ஐந்தாம் கம்பெனி. லெப்டினன்ட் போய் இறங்கியபோது மலகண்ட் முற்றுகை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சாப்பர்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்தே அங்கே இருந்தார்கள். ஆனால் புத்தகம் எழுதியது லெப்டினன்ட். அதனால் உலகத்துக்கு அது அவருடைய போராகத்தான் தெரியும். அவர் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில்.

சர்ச்சிலுக்கு ராணுவ கமிஷன் கிடைத்த நாள் 1895 பிப்ரவரி 20. அப்பா ராண்டால்ஃப் சர்ச்சில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பையன் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தேறியவன். அதிலும் காலாட்படைக்குத் தேவையான மார்க் வரவில்லை. குதிரைப்படைக்குத்தான் இடம் கிடைத்தது. கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். குதிரைப்படைதானே கௌரவம்? கௌரவம்தான், ஆனால் செலவும் அதற்குத்தான். சொந்தக் குதிரை, சீருடை, போலோ எல்லாம் சொந்தப் பணத்தில் என்பதால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள், போட்டி குறைவு. கடன்பட்டிருந்த அப்பாவுக்கு வந்த கோபம் அதனால்தான். எப்படியோ, கல்லூரியை முடிக்கும்போது 130 பேரில் இருபதாவதாக வந்து, நான்காவது ஹுஸ்ஸார் ரெஜிமெண்டில் சேர்ந்தான்.

கமிஷன் என்பது ஒரு தோல் காகிதம். ராணியின் பெயரால் வருவது. இன்னாரை நம் படையில் அதிகாரியாக நியமிக்கிறோம், கீழுள்ளவர்கள் இவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லும். 1871 வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் இதை விலை கொடுத்து வாங்கலாம். காலாட்படையின் கடைசிப் படி அதிகாரிக்கே சர்க்கார் நிர்ணயித்த விலை 450 பவுன். மேலே போகப் போக விலை ஏறும். ஓய்வுபெறும்போது விற்றுவிட்டுப் போகலாம். நம் ஊர் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் இந்த விற்பனை கிடையாது, ஆனால் லண்டனில் ஒரு டைரக்டரைத் தெரிந்திருக்க வேண்டும். பணமா, சிபாரிசா என்பதுதான் வித்தியாசம். சர்ச்சில் காலத்தில் விற்பனை ஒழிந்துவிட்டது. சிபாரிசு ஒழியவில்லை, அதைப் பின்னால் பார்ப்போம்.

1896 அக்டோபரில் ரெஜிமெண்ட் பெங்களூர் வந்தது. பம்பாயில் கரை இறங்கும்போதே சசூன் துறைமுகப் படிக்கட்டில், அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து இரும்பு வளையத்தைப் பிடித்த சர்ச்சிலின் வலது தோள் பிசகிவிட்டது. ஆயுள் முழுக்கத் தொந்தரவு கொடுத்த தோள் அது. போலோ ஆடும்போது கையைக் கட்டிக்கொண்டுதான் ஆடுவார். பெங்களூரில் ரெஜினால்ட் பார்ன்ஸ், ஹியூகோ பேரிங் என்ற இரு சக அதிகாரிகளோடு சேர்ந்து ஒரு பங்களாவில் குடியேறினார். சுண்ணாம்பு பூசிய சுவர், ஓட்டுக் கூரை, சுற்றிலும் வராந்தா, தூண்களில் படர்ந்த காகிதப்பூக் கொடி, இரண்டு ஏக்கர் தோட்டம், அதில் வரிசையாக ரோஜாச் செடிகள். பட்டாம்பூச்சி பிடித்துச் சேர்க்கும் பழக்கமும் இருந்தது. சேர்த்ததையெல்லாம் ஒரு எலி தின்றுவிட்டது என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

வேலையாட்களின் பட்டியலைப் பார்த்தால் மூன்று இளைஞர்கள் குடியிருந்த வீடா, சின்ன ஜமீனா என்று தோன்றும். ஆளுக்கொரு பட்லர், ஆளுக்கொரு உடுத்திவிடும் பையன், குதிரைக்கொரு சயீஸ் (குதிரைக்காரர்); மூவருக்கும் பொதுவாக இரண்டு தோட்டக்காரர்கள், மூன்று தண்ணீர்க்காரர்கள், நான்கு வண்ணார்கள், ஒரு காவல்காரர். விடியுமுன் தூக்கம் கலையாமலே முகச்சவரம். ஆறு மணிக்குப் பரேடு. பிறகு லாயம். பத்தரைக்கெல்லாம் அன்றைய அரசாங்க வேலை முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போலோ. சம்பளம் நாளுக்குப் பதினான்கு ஷில்லிங், குதிரை பராமரிக்க மாதம் மூன்று பவுன், அம்மா அனுப்பும் வருஷப்படி 500 பவுன். அதுவும் போதாது. மீதிக்கு உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் இருந்தார்கள். மாதம் இரண்டு வட்டி. கையெழுத்து மட்டும் போதும்.

பெங்களூர் கிளப்பின் பழைய நடவடிக்கைப் புத்தகத்தில் 1899 ஜூனில் எழுதிய வராக்கடன் பட்டியலில் லெப்டினன்ட் சர்ச்சில் பெயருக்கு நேரே 13 ரூபாய் இருக்கிறது. ரெசிடென்சி ரோடு வழியாகப் போகிற எவரும் இந்தக் கதையைச் சொல்வார்கள், பெங்களூரில் சர்ச்சில் என்றாலே இந்தப் பதின்மூன்று ரூபாய்தான் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. பரேடுக்கும் போலோவுக்கும் இடையே அந்த நடுப்பகலில் அவர் செய்ததுதான் சுவாரசியம். மற்ற அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து தூங்கிய நான்கைந்து மணி நேரம் அவர் படித்தார். கிப்பன், மெக்காலே, பிளேட்டோ, நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொகுத்த வருஷாந்தர நூல்கள் என்று லண்டனிலிருந்து அம்மா பெட்டி பெட்டியாக அனுப்பினார். பல்கலைக்கழகப் படிப்பில்லாத இளைஞன் தனக்குத் தானே வாத்தியாராக இருந்து படித்துமுடித்த இடம் பெங்களூர். பட்டாளம் அவருக்கு ஏணி, போய்ச் சேர வேண்டிய இடம் பார்லிமெண்ட். அதற்குப் பெயர் வேண்டும். பெயருக்கு ஒரு போர் வேண்டும். பெங்களூரிலோ போலோதான் நடந்துகொண்டிருந்தது.

போர் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் விளைந்துகொண்டிருந்தது.

1893-ல் ஆப்கானிஸ்தான் அமீருக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே டூராண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு கோடு போட்டார். கோட்டின் இந்தப் பக்கம் விழுந்த பதான் மலைநாட்டாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1895-ல் சித்ரால் கோட்டையில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு படையை மீட்க ஸ்வாட் வழியாகப் பெரிய படை போக வேண்டியிருந்தது. போகுமுன் ஸ்வாட், பஜௌர் மக்களுக்கு ஓர் அறிக்கை விட்டார்கள். சித்ரால் வேலைக்காகத்தான் வருகிறோம், உங்கள் நிலத்தை நிரந்தரமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும் எண்ணமில்லை என்பது அதன் சாரம். வேலை முடிந்தது. அன்றைய லிபரல் சர்க்கார் திரும்பிவரத்தான் தீர்மானித்தது. அந்த வருஷமே லண்டனில் ஆட்சி மாறி, சாலிஸ்பரி சர்க்கார் வந்து, சாலையும் இருக்கட்டும் காவலும் இருக்கட்டும் என்றது. மலகண்ட் கணவாயில் ஒரு முகாம், ஸ்வாட் ஆற்றுப் பாலத்தைக் காக்கச் சக்தராவில் ஒரு கோட்டை. இரண்டு வருஷம் எல்லாம் அமைதியாகத் தெரிந்தது.

வாக்குக் கொடுத்து நிலத்துக்குள் நுழைவதும், பிறகு வாக்கை மறப்பதும் அந்த நூற்றாண்டில் எல்லாக் கண்டத்திலும் நடந்த காரியம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செமினோல் மக்களோடு 1823-ல் மவுல்ட்ரி ஓடைக்கரையில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கடற்கரையை விட்டுவிட்டு உள்நாட்டு ஒதுக்கு நிலத்துக்குப் போனால் இருபது வருஷம் தொந்தரவில்லை என்றார்கள். ஏழே வருஷத்தில், 1830-ல், பழங்குடிகளையெல்லாம் மிசிசிபி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் ஜனாதிபதி ஜாக்சன் கையெழுத்துப் போட்டார். அதே ஜாக்சன்தான் முன்பு தளபதியாக ஃபுளோரிடாவுக்குள் புகுந்து முதல் செமினோல் போரை நடத்தியவர். 1835 டிசம்பரில் மேஜர் டேட் நடத்திச் சென்ற நூற்றுச் சொச்சம் சிப்பாய்களைச் செமினோல் வீரர்கள் வழியில் மடக்கித் தீர்த்துக்கட்ட, ஏழு வருஷப் போர் மூண்டது. வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியில் கமிஷன் வாங்கிய இளம் அதிகாரிகள் சதுப்பு நிலத்தில் எதிரியைத் தேடி அலைந்து, எதிரி கிடைக்காதபோது அவன் ஊரையும் பயிரையும் எரித்தார்கள். பேச்சுவார்த்தைக்கு வெள்ளைக்கொடியோடு வந்த தலைவன் ஓசியோலாவை 1837-ல் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மூன்று மாதத்தில் சிறையிலேயே செத்தான். அமெரிக்கப் பட்டாளத்தில் ஏறத்தாழ 1,500 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் காய்ச்சலிலும் பேதியிலும். சில நூறு செமினோல்கள் எவர்கிளேட்ஸ் சதுப்புக்குள் போய்விட்டார்கள். அவர்களை யாராலும் வெளியே கொண்டுவர முடியவில்லை.

ஸ்வாட்டில் சதுப்பு இல்லை, மலை. மற்றது அதேதான்.

1897 ஜூலையில் ஸ்வாட் பள்ளத்தாக்கில் ஒரு ஃபக்கீர் தோன்றினார். பெயர் சதுல்லா. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'பைத்தியக்கார முல்லா'. துப்பாக்கிக் குண்டு நம்மைத் துளைக்காது, வானத்துப் படை நம்மோடு வரும் என்று அவர் சொல்லிக்கொண்டு வந்ததை அதிகாரிகள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஜூலை 26 சாயங்காலம், மலகண்ட் முகாமின் அதிகாரிகள் கீழே கார் என்ற ஊர்த் திடலில் போலோ ஆடிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஊர்க்காரர்கள், குதிரை பிடித்துக்கொண்டு நின்ற சயீஸ்களிடம் சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள், இன்றைக்குச் சண்டை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். சயீஸ்களுக்குத் தெரிந்த செய்தி எஜமானர்களுக்குத் தெரிந்தபோது ராத்திரி பத்து மணி நெருங்கியிருந்தது.

முகாமின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டை ஒரு மேட்டில். அதற்குக் கீழே கிண்ணம் போன்ற ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் சாப்பர்களின் அடைப்பு, பொறியாளர் சாமான்கள், உணவுக் கிடங்கு, கடைத்தெரு. பக்கத்து மேடுகளில் சீக்கியப் படையும் பஞ்சாபிப் படைகளும். சுற்றிலும் மதில் கிடையாது. முள்கம்பியும் வெட்டிப்போட்ட மரக்கிளையும்தான். தாக்கியவர்கள் நேரே கிண்ணத்துக்குள் இறங்கினார்கள். இருட்டில் கடைத்தெருவைப் பிடித்தார்கள். சாப்பர்களின் காவல் கொட்டகையை உடைத்து அங்கே இருந்த ரவைப் பெட்டிகளைக் கைப்பற்றினார்கள். சாப்பர் லெப்டினன்ட் வாட்லிங் எதிரே வந்தவரைக் கத்தியால் குத்தித் தானும் படுகாயப்பட்டார். இன்னொரு லெப்டினன்ட் விண்டருக்கு இரண்டு காலிலும் குண்டு. ரத்தம் போய்த் தளரும்வரை கிடந்தபடியே உத்தரவு கொடுத்தார். விடிகிறவரை அந்த அடைப்புக்குள் கைகலப்புச் சண்டை. படையைக் கட்டி நடத்திய கர்னல் மெய்க்கிள்ஜான் இருந்ததும் அங்கேதான். பள்ளம் விழுந்திருந்தால் மலகண்ட் விழுந்திருக்கும்.

அந்த அடைப்பைக் காத்தவர்களில் ஐந்தாம் கம்பெனியின் மெட்ராஸ் சாப்பர்கள் முக்கியமானவர்கள். 1780-ல் இரண்டு பயோனியர் கம்பெனிகளாக மெட்ராஸில் ஆரம்பித்த படை அது. கையில் துப்பாக்கியைவிட மண்வெட்டியும் கடப்பாரையும் அதிக நேரம் இருக்கும். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, சுரங்கம் வைத்து மதிலைத் தகர்ப்பது இவர்கள் தொழில். தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கலந்திருந்தார்கள். மற்ற ரெஜிமெண்டுகள் வாசலிலேயே நிறுத்திய சாதிகளிலிருந்து வந்த ஆட்களுக்கும் இங்கே இடமிருந்தது. ராணுவ வட்டாரத்தில் இன்றைக்கும் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'.

இதில் காலப் பொருத்தம் ஒன்று உண்டு. மெட்ராஸ் ராணுவத் தளபதியாகவும் பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியாகவும் இருந்த லார்டு ராபர்ட்ஸின் சுயசரிதை அதே 1897 ஜனவரியில்தான் வெளிவந்தது. தெற்கத்திய சிப்பாய் நீண்ட அமைதியில் போர்க்குணம் இழந்துவிட்டான், வடக்கத்தியர்தான் சண்டைக்கு ஆனவர்கள் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி வென்று, மெட்ராஸ் காலாட்படை ரெஜிமெண்டுகள் பல கலைக்கப்பட்டன, இல்லையென்றால் பஞ்சாபிகளைக் கொண்டு நிரப்பப்பட்டன. பெங்களூர் சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். அந்தப் புத்தகம் லண்டனில் பரபரப்பாக விற்றுக்கொண்டிருந்த ஆறாம் மாதம், மலகண்ட் பள்ளத்தில் போர்க்குணம் இழந்ததாகச் சொல்லப்பட்ட மெட்ராஸ்காரர்கள் சீக்கியருக்கும் பஞ்சாபிக்கும் பக்கத்தில் நின்றார்கள்.

முற்றுகை ஒரு வாரம் நீடித்தது. ஆகஸ்ட் 2-ல் சக்தராக் கோட்டையும் மீட்கப்பட்டது.

இந்த ஒரு வாரமும் சர்ச்சில் எங்கே இருந்தார்? விடுப்பில் இங்கிலாந்தில். குட்வுட் குதிரைப் பந்தயப் புல்வெளியில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி காதில் விழுந்தது: பதான்கள் எழுந்துவிட்டார்கள், அடக்கப் போகும் படைக்குச் சர் பிண்டன் பிளட் தலைமை. சிபாரிசு ஒழியவில்லை என்றேனே, அது இங்கே வருகிறது. முந்தின வருஷம் ஒரு சித்தியின் மாளிகையில் விருந்தாளியாகச் சந்தித்தபோது, அடுத்த எல்லைப் போருக்கு நான் தலைமை ஏற்றால் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று அதே பிளட் வாக்குக் கொடுத்திருந்தார். (லண்டன் கோபுரத்திலிருந்து 1671-ல் ராஜாவின் கிரீடத்தைத் திருடப் பார்த்த கர்னல் பிளட் என்பவரின் வம்சம் இவர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.) சர்ச்சில் தந்தி அடித்துவிட்டு அடுத்த கப்பலைப் பிடித்தார். இடமில்லை, பத்திரிகை நிருபராக வா, பார்க்கலாம் என்று பதில் வந்தது.

பெங்களூர் வந்து கர்னலிடம் விடுப்பு கேட்டு வாங்கினார். ஸ்டேஷனுக்கு ஓடி, ஒரு சின்னப் பை நிறைய ரூபாயைத் தள்ளி எல்லைப்புறத்து நௌஷேராவுக்கு டிக்கெட் கேட்டார். எவ்வளவு தூரம் என்றும் கேட்டிருக்கிறார். டிக்கெட் கொடுத்த இந்தியர் அட்டவணையைப் புரட்டி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 2,028 மைல் என்றாராம். ஐந்து நாள் பயணம். தோல் தைத்த இருட்டுப் பெட்டி. வெயிலுக்குச் சாத்திய ஜன்னல். அதில் ஈர வைக்கோல் கட்டிய ஒரு சக்கரம். அவ்வப்போது கையால் சுற்றினால் குளிர்ந்த காற்று வரும். இருட்டுக்குள் உட்கார்ந்து அவர் வாசித்துக்கொண்டே போனார். நௌஷேராவிலிருந்து குதிரை மாற்றி மாற்றி ஓடும் டோங்கா வண்டியில் நாற்பது மைல் ஏறி மலகண்ட்.

கையில் எதுவுமில்லாமல் போனவருக்குப் போர்ச் சாமான் கிடைத்த விதம்தான் விசித்திரம். முந்தின வாரங்களில் செத்துப்போன அதிகாரிகளின் உடைமைகளை முகாமிலேயே ஏலம் விடுவது எல்லைப்புற வழக்கம். நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவனின் கோட்டையும் பூட்ஸையும் இன்று தோழர்கள் விலை பேசுவார்கள். சர்ச்சில் தனக்கு வேண்டியதையெல்லாம் அந்த ஏலத்தில் எடுத்தார். அதுவரை பிடிக்காத விஸ்கியை அங்கேதான் பழகிக்கொண்டார். வெதுவெதுத்த தண்ணீரை வெறுமனே குடிப்பதைவிட அது மேல் என்று.

செப்டம்பர் 16-ல் மாமுந்த் பள்ளத்தாக்கில் சண்டை. முப்பத்தைந்தாவது சீக்கியப் படையின் ஒரு சிறு பிரிவோடு ஷாஹி தங்கி என்ற மலையூருக்கு ஏறிப்போனவர்கள் இறங்கும்போது மாட்டிக்கொண்டார்கள். பத்தடிக்குப் பக்கத்தில் ஆட்கள் விழுந்தார்கள். காயப்பட்ட அட்ஜுடண்டைத் தூக்கிவந்தவர்கள் அவரைக் கீழே போட்டுவிட்டு ஓட நேர்ந்தது. பதான் ஒருவர் கண்முன்னே அவரைக் கத்தியால் வெட்டினார். அன்றைக்கும் அன்று ராத்திரியும் சேர்த்துப் படைக்கு ஏறத்தாழ 150 பேர் சேதம். அதற்கப்புறம் தண்டனைப் படலம். பகல் பகலாக ஒவ்வொரு ஊராகப் போய் வீடுகளை எரிப்பது, காவல் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்ப்பது, கிணறுகளைத் தூர்ப்பது, நிழல் மரங்களை வெட்டுவது, பயிரை அழிப்பது. அதிலெல்லாம் சாப்பர்களின் வெடிமருந்துக்குத்தான் முதல் வேலை. கல்கத்தாவுக்குப் பக்கத்து டம் டம் தொழிற்சாலையின் புதுத் தோட்டா, உடலுக்குள் போனதும் விரிந்து கிழிக்கிற தோட்டா, இந்தப் போரில் பயன்பட்டது. சர்ச்சில் அதன் திறமையைப் புகழ்ந்தே எழுதினார். இரண்டு வருஷத்தில் ஹேக் மாநாடு அந்த வகைத் தோட்டாவுக்குத் தடை போட்டது.

அக்டோபரில் பெங்களூர் திரும்பினார். வந்ததும் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த எல்லைக் கொள்கை கஜானாவுக்கு நாசம், தர்மத்துக்கு விரோதம், அரசியலில் முட்டாள்தனம் என்றார். அவ்வளவு கறாராகப் புத்தகத்தில் சொல்லவில்லை; புத்தகத்தைப் படிக்கப் போகிறவர்கள் வேறு ஆட்கள் அல்லவா. அலகாபாத் 'பயனீர்' பத்திரிகைக்கும் லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகைக்கும் அனுப்பிய செய்திகளை வைத்துக்கொண்டு, அந்த ரோஜாத் தோட்டத்து பங்களாவில், தூக்கத்துக்கான அதே நடுப்பகல்களில் எழுதி இரண்டே மாதத்தில் முடித்தார். 1897 கடைசி நாள் கைப்பிரதி கப்பலேறியது. 1898 மார்ச்சில் 'மலகண்ட் ஃபீல்ட் ஃபோர்ஸின் கதை' வெளிவந்தது. அவருடைய முதல் புத்தகம். பிழை திருத்திய மாமாவின் புண்ணியத்தில் அச்சுப் பிழை மலிந்து வந்தும், பட்டத்து இளவரசரே பாராட்டிக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷம் கமிஷனை விட்டுவிட்டு அரசியலுக்குப் போய்விட்டார். கமிஷன் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது.

அந்தப் புத்தகத்தின் சேதப் பட்டியல்களைப் பாருங்கள். வெள்ளைக்கார அதிகாரி என்றால் பதவி, பெயர், ரெஜிமெண்ட், காயத்தின் தன்மை எல்லாம் இருக்கும். 'நேட்டிவ்' என்றால் படைப்பிரிவின் பெயரும் இரண்டு எண்களும். செத்தவர் இத்தனை, காயப்பட்டவர் இத்தனை. வாட்லிங், விண்டர் என்று நான் மேலே பெயர் சொல்ல முடிந்ததும், அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற தமிழ்ச் சுபேதாரின் பெயரைச் சொல்ல முடியாததும் அதனால்தான். இதைச் சர்ச்சிலின் குற்றமாக நான் சொல்லவில்லை. அன்றைய அரசாங்கக் காகிதங்களில் இருந்த முறை அது.

அந்த முறைக்கு வேர் கமிஷனில் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிக்கு ராணியின் கமிஷன். சுபேதாருக்கும் ஜமேதாருக்கும் வைஸ்ராயின் கமிஷன். முப்பது வருஷம் சேவை செய்து, பர்மாவும் ஆப்கானிஸ்தானும் பார்த்து மீசை நரைத்த சுபேதார், நேற்றுக் கப்பலில் இறங்கிய இருபது வயதுப் பையனுக்குச் சல்யூட் அடிக்க வேண்டும். எந்தச் சுபேதாரும் ஒரு வெள்ளைக்கார சிப்பாய்க்குக்கூட உத்தரவிட முடியாது. வீரப் பதக்கத்திலும் அதே பிரிவினை. ஜூலை 26 ராத்திரி, எதிரிகள் வாளோடு நடமாடிய திடலில் அறுபது கஜ தூரத்தில் காயப்பட்டுக் கிடந்த ஒரு லான்ஸ் ஹவில்தாரைத் தூக்கிவந்ததற்காக லெப்டினன்ட் காஸ்டெல்லோவுக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இரண்டு சிப்பாய்களின் உதவியோடு தூக்கிவந்தார் என்று பாராட்டுரையே சொல்கிறது. அந்த இரண்டு பேருக்கும் பெயர் இல்லை. விக்டோரியா கிராஸ் இந்தியர்களுக்கும் உண்டு என்று விதி மாறியது 1911-ல். ராஜாவின் கமிஷனுக்கு இந்தியர்களை எடுக்க சாண்ட்ஹர்ஸ்ட் கதவு திறந்தது 1918-ல், அதுவும் வருஷத்துக்குப் பத்து இடம். குடகிலிருந்து 1919-ல் கமிஷன் பெற்ற ஓர் இளைஞர் முப்பது வருஷம் கழித்து, 1949 ஜனவரி 15-ல், இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தளபதி ஆனார். அந்தக் கரியப்பா பிறந்தது, சர்ச்சில் இந்தியாவை விட்டுப் போன அதே 1899-ல்.

அல்சூர்ச் சாப்பர்கள் இன்றும் அல்சூரில்தான் இருக்கிறார்கள், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்ற பெயரில். 1912-ல் இங்கே கேப்டன் மக்ளின்டாக் செய்து காட்டிய, முள்கம்பி வேலியைத் தகர்க்கும் நீள வெடிகுழாய்க்கு 'பெங்களூர் டார்பிடோ' என்று பெயர். இரண்டு உலகப் போரிலும் பயன்பட்ட ஆயுதம் அது. அந்தக் கதை தனி அத்தியாயமாக வரும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயம் பாக்கி. எல்லைப்புறப் போர்களுக்காக அரசாங்கம் 'இந்தியா மெடல் 1895' என்று ஒரு பதக்கம் அடித்தது. போர்வீரர்களுக்கு வெள்ளி, தண்ணீர்க்காரர், டோலி தூக்கியவர், சயீஸ் போன்ற பரிவாரத்துக்கு வெண்கலம். ரிப்பனில் எந்தச் சண்டை என்று சொல்லும் பட்டை இருக்கும். சர்ச்சிலுக்குக் கிடைத்த பட்டை 'பஞ்சாப் ஃபிரான்டியர் 1897-98' மட்டும். 'மலகண்ட் 1897' என்ற பட்டை, ஜூலை 26-லிருந்து ஆகஸ்ட் 2 வரை நடந்த காவலிலும் மீட்பிலும் இருந்தவர்களுக்கு மட்டுமே உரியது. மலகண்ட் என்று தலைப்பு வைத்துப் புத்தகம் எழுதியவருக்கு அது கிடையாது. ஐந்தாம் கம்பெனிச் சாப்பர்களுக்கு உண்டு. இந்தப் பதக்கத்தில் பெயரும் படைப்பிரிவும் விளிம்பைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும். புத்தகம் விட்டுவிட்ட பெயர்கள் அந்த விளிம்புகளில்தான் இருக்கின்றன. அல்சூரிலோ, வேலூர், திருப்பத்தூர், தர்மபுரிப் பக்கத்திலோ, கொள்ளுத்தாத்தா சாப்பர்ஸில் இருந்தார் என்று பேச்சுள்ள குடும்பமாக இருந்தால் பழைய பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். வெள்ளிக்காக உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் விளிம்பைப் படியுங்கள், படித்த பெயரை எங்களுக்கும் எழுதுங்கள்.

(தொடரும். அடுத்த வாரம்: 1898-ல் பெங்களூருக்கு வந்த பிளேக்.)